கடல்நீர் மீன்தொட்டி மீன்களின் ஒட்டுண்ணி நோய்கள்

கடல்நீர் மீன்தொட்டி மீன்களின் ஒட்டுண்ணி நோய்கள் என்பவை, கடல்நீர் நிரப்பிய தொட்டிகளில் வளர்க்கப்படும் மீன்களின் தோல், துடுப்பு, செவுள், கண் ஆகியவற்றில் ஒட்டி வாழும் ஒருகல உயிரிகளாலும் சிறு புழுக்களாலும் ஏற்படும் நோய்களாகும். கடல் வெண்புள்ளி நோய், கடல் வெல்வெட் நோய், புரூக்ளினெல்லா நோய், யூரோனெமா நோய், தோல் தட்டைப்புழு நோய், கரும்புள்ளி நோய் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இந்நோய்களின் தொடக்க அறிகுறிகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆனால் ஒரு நோயைக் குணமாக்கும் முறை மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. இவற்றுள் சில நோய்கள் ஓரிரு நாட்களிலேயே மீன்களைக் கொல்லக்கூடியவை என்பதால், நோயைச் சரியாக இனங்காணுதல் சிகிச்சையின் முதற்படியாகக் கருதப்படுகிறது.

தொட்டியில் நோய் பெருகும் விதம்

கடலில் வாழும் மீன்களிலும் இவ்வொட்டுண்ணிகள் உள்ளன. எனினும் அங்கு அவற்றின் எண்ணிக்கை பொதுவாகக் குறைவாகவே இருக்கும். மீனைவிட்டுப் பிரிந்து இனம்பெருக்கும் ஒட்டுண்ணிகளின் இளம் உயிரிகள் பரந்த கடல்நீரில் சிதறிவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வேறொரு மீனை அடையுமுன் இறந்துவிடுகின்றன. சில நூறு லிட்டர் நீர் மட்டுமே கொண்ட தொட்டியில் இந்நிலை தலைகீழாகிறது. வெளிவரும் இளம் உயிரிகள் யாவும் அதே நீரில், அதே மீன்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணியின் ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ 200 இளம் உயிரிகள் வரை வெளிவரலாம். அவ்வாறாயின் மீனின் உடலில் காணப்படும் பத்துப் புள்ளிகள் அடுத்த சுற்றில் ஈராயிரம் உயிரிகளாக மாறக்கூடும்.

கடல்நீர்த் தொட்டிகளுக்கான மீன்களில் பெரும்பாலானவை இந்தோனேசியா, பிலிப்பீன்சு, இலங்கை முதலிய நாடுகளின் பவளப்பாறைப் பகுதிகளில் பிடிக்கப்படுபவை. இவை பல இடைத்தங்கல் தொட்டிகளைக் கடந்தே வளர்ப்பவரை வந்தடைகின்றன. பிடிபடுதல், பட்டினி, நெடும்பயணம் ஆகியவற்றால் மீன்களின் எதிர்ப்பாற்றல் குறைகிறது. அதே வேளையில், பல இடங்களிலிருந்து வந்த மீன்கள் ஒரே நீரில் வைக்கப்படுவதால் நோய்த்தொற்றும் எளிதாகிறது.

பொதுவான அறிகுறிகள்

பின்வரும் அறிகுறிகள் எந்தவோர் ஒட்டுண்ணி நோயிலும் தோன்றலாம்:

* பாறை, மணல், தொட்டியின் சுவர் ஆகியவற்றில் உடலை உரசுதல்
* செவுள் மூடிகள் வழக்கத்தைவிட வேகமாக அசைதல்
* நீரின் மேற்பரப்பிலோ நீரேற்றியின் ஓட்டத்திற்கு எதிரிலோ நின்று சுவாசித்தல்
* துடுப்புகளை உடலோடு ஒடுக்கி வைத்தல்
* இரை எடுக்க மறுத்தல்
* நிறம் மங்குதல், உடலில் சளி மிகுதல்
* தலையை அடிக்கடி உதறுதல்
* மறைவிடத்திலேயே தங்குதல்

இவ்வறிகுறிகள் ஒட்டுண்ணிகளுக்கு மட்டுமே உரியவை அல்ல. நீரில் அம்மோனியா மிகுந்தாலும் ஆக்சிசன் குறைந்தாலும் மீன்கள் வேகமாகச் சுவாசிக்கும், மேற்பரப்புக்கு வரும். எனவே மருந்து இடுமுன் நீரின் அம்மோனியா அளவு, உப்புத்தன்மை, வெப்பநிலை, காற்றூட்டம் ஆகியவற்றைச் சோதிப்பது இன்றியமையாதது. தொட்டியின் எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் திணறினால் நீரின் கேடு முதலில் ஐயுறப்பட வேண்டும். ஒன்றிரண்டு மீன்களில் தொடங்கிப் பின் மற்றவற்றுக்குப் பரவினால் ஒட்டுண்ணி நோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

பல ஒட்டுண்ணிகள் செவுளையே முதலில் தாக்குகின்றன. ஆகவே தோலில் ஒரு புள்ளிகூடத் தோன்றாத நிலையிலும் மீன் கடுமையாக நோயுற்றிருக்கலாம். நலமாக உள்ள நாட்களில் ஒவ்வொரு மீனும் நிமிடத்திற்கு எத்தனை முறை செவுள் மூடியை அசைக்கிறது என்பதை எண்ணிக் குறித்து வைத்திருந்தால், பின்னர் ஏற்படும் மாற்றத்தை விரைவில் அறியலாம்.

முக்கிய நோய்கள்

கடல் வெண்புள்ளி நோய்

இந்நோய் கிரிப்டோகேரியான் இர்ரிட்டான்ஸ் என்னும் பிசிர் கொண்ட ஒருகல உயிரியால் ஏற்படுகிறது. சப்பானில் 1930களில் சிகாமா என்பவர் இதைப்பற்றி எழுதினார். 1951 இல் இ. எம். பிரவுன் இதற்கு இன்றைய அறிவியல் பெயரை இட்டார். நியூயார்க் மீன்காட்சிச்சாலையில் இந்நோய் பரவியது பற்றி நைகிரெல்லி, ருகேரி ஆகியோர் 1966 இல் எழுதினர். இது நன்னீர் மீன்களின் வெண்புள்ளி நோயைத் தோற்றத்திலும் வாழ்க்கைச் சுழற்சியிலும் ஒத்திருப்பதால், இரண்டின் காரணிகளும் நெருங்கிய உறவுடையவை என முன்னர்க் கருதப்பட்டது. பின்னர் நடந்த மரபணு ஆய்வுகள் இவை வெவ்வேறு வகுப்புகளைச் சேர்ந்தவை எனக் காட்டின.

இவ்வொட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி பின்வரும் நிலைகளைக் கொண்டது:

* உண்ணும் நிலை: மீனின் மேற்தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாட்கள் வரை திசுக்களை உண்டு வளரும். கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளி இந்நிலையே ஆகும்.
* கூட்டு நிலை: மீனைவிட்டு உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கடினமான கூட்டை அமைத்துக்கொள்ளும். கூட்டினுள் பலவாகப் பிரியும். இந்நிலை பொதுவாக 3 முதல் 28 நாட்கள் நீடிக்கும். 72 நாட்கள் வரை நீடித்ததும் பதிவாகியுள்ளது.
* தொற்றும் நிலை: கூட்டிலிருந்து வெளிவந்து நீந்தி மீனைத் தேடும். இவ்வுயிரிகள் ஓரிரு நாட்களுக்குமேல் மீனின்றி வாழ்வதில்லை. தொற்றும் திறன் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்குகிறது.

உப்புப் பரல்களைத் தூவியது போன்று, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வரை அளவுள்ள வெண்புள்ளிகள் உடலிலும் துடுப்புகளிலும் தோன்றுவது இந்நோயின் அடையாளம் ஆகும். ஒளி ஊடுருவும் துடுப்புகளில் இவற்றை எளிதில் காணலாம். சர்ஜன் மீன்களில் இந்நோய் அடிக்கடி காணப்படுகிறது.

புள்ளிகள் சில நாட்களில் மறைந்துவிடுவது இந்நோயின் முக்கிய இயல்பாகும். இதைக் குணமடைந்ததாகக் கொள்வது பரவலான தவறு. உண்மையில் ஒட்டுண்ணிகள் முதிர்ந்து மீனைவிட்டு உதிர்ந்துள்ளன. அவை தொட்டியின் அடியில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிரண்டு வாரங்களில் முன்னதைவிட மிகுதியான புள்ளிகள் தோன்றக்கூடும். அந்நேரத்தில் செவுள்களும் கடுமையாகச் சேதமடைந்திருக்கும்.

இந்நோயிலிருந்து பிழைத்த மீன்கள் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுகின்றன. அவை நலமாகத் தோன்றினும் சிறிய எண்ணிக்கையில் ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கலாம். இத்தகைய தொட்டியில் புதிதாக விடப்படும் மீன் மட்டும் நோயுறும்போது, நோயைக் கொண்டுவந்தது புதிய மீனே எனத் தவறாக முடிவு செய்யப்படுவதுண்டு.

கடல் வெல்வெட் நோய்

அமைலூடினியம் ஓசெல்லேட்டம் என்னும் டைனோபிளாசெல்லேட்டு வகை ஒருகல உயிரி இந்நோயை உண்டாக்குகிறது. இதனை 1931 இல் விவரித்தவரும் மேற்குறிப்பிட்ட பிரவுன் அவர்களே. இவ்வுயிரி வேர் போன்ற இழைகளால் செவுளிலும் தோலிலும் பற்றிக்கொள்கிறது. முதிர்ந்தபின் உதிர்ந்து கூடமைத்து 256 வரையிலான நீந்தும் இளம் உயிரிகளாகப் பிரியக்கூடும்.

தோலில் காணப்படும் துகள்கள் வெண்புள்ளியைவிட மிகச் சிறியவை. இவ்வொட்டுண்ணியின் நீளம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவே தனித்தனிப் புள்ளிகளாக அன்றி, மெல்லிய மாவு அல்லது பொன்னிறத் தூசி படிந்தது போன்று தோன்றும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து மீனின்மேல் படச்செய்தால் இப்படலம் தெளிவாகத் தெரியும்.

பெரும்பாலான நேர்வுகளில் தோலுக்கு முன்பாகவே செவுள் தாக்கப்படுகிறது. கடும் மூச்சுத்திணறல், நீரோட்டத்திற்கு எதிரே நிற்றல், ஒளியைத் தவிர்த்தல், இரையை மறுத்தல் ஆகியவை முதலில் தோன்றும். கடுமையான தொற்றில் 12 மணி நேரத்திற்குள்ளும் மீன்கள் இறக்கலாம். தோலில் எதுவும் தெரியாத நிலையில் மீன்கள் திணறி அடுத்தடுத்து இறந்தால், நீரின் தரம் சரியாக இருக்கும்போது, இந்நோயே முதலில் ஐயுறப்பட வேண்டும்.

புரூக்ளினெல்லா நோய்

இந்நோயின் காரணி புரூக்ளினெல்லா ஹாஸ்டிலிஸ் என்னும் பிசிர் உயிரி ஆகும். லோம், நைகிரெல்லி ஆகியோர் இதை 1970 இல் விவரித்தனர். கோமாளி மீன்களில் அடிக்கடி காணப்படுவதால் 'கோமாளி மீன் நோய்' எனவும் அழைக்கப்படுகிறது; எனினும் பிற மீன்களையும் இது தாக்கும்.

இதற்குக் கூட்டு நிலை கிடையாது. மீனின் உடலிலேயே இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுவதால் நோய் மிக விரைவாக முற்றுகிறது. தனிப் புள்ளிகள் தோன்றுவதில்லை. மாறாக, வெண்ணிறமான தடித்த சளிப் படலம் திட்டுத்திட்டாக உடலை மூடும். பின்னர் அது தோலுடன் சேர்ந்து இழைகளாக உரிந்து தொங்கும். செவுளும் தாக்கப்படுவதால் மூச்சுத்திணறல் காணப்படும். சில நாட்களில் இறப்பு நேரிடலாம்.

யூரோனெமா நோய்

யூரோனெமா மரைனம் முதலிய பிசிர் உயிரிகள் இயல்பாகவே நீரில் தனித்து வாழ்ந்து பாக்டீரியாக்களை உண்பவை. கழிவு மிகுந்த நீரில் இவை பெருகி, நலிந்த அல்லது காயமுற்ற மீனில் ஒட்டுண்ணியாக மாறுகின்றன. உடலின் பக்கங்களில் சிவந்த திட்டு தோன்றி, செதில்கள் உதிர்ந்து, புண்ணாக மாறும். பச்சைக் குரோமிசு மீன்களில் இது அடிக்கடி காணப்படுகிறது. இவ்வுயிரி தசையினுள்ளும் உள்ளுறுப்புகளிலும் ஊடுருவக்கூடியது. அந்நிலையில் வெளியிலிருந்து இடப்படும் மருந்துகள் அதனை அடைவது கடினம்.

தோல் தட்டைப்புழு நோய்

நியோபெனெடீனியா முதலிய தட்டைப்புழுக்கள் இந்நோயை ஏற்படுத்துகின்றன. இவை சில மில்லிமீட்டர் நீளம் வரை வளர்ந்தாலும், கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் உடலைக் கொண்டிருப்பதால் மீனின் மேல் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன் கடுமையாக உரசிக்கொள்ளுதல், கண்கள் மங்கலாதல், செதில்கள் உதிர்தல், உரசிய இடங்களில் புண் தோன்றுதல் ஆகியவை அறிகுறிகள். ஏஞ்சல் மீன்கள், வண்ணத்துப்பூச்சி மீன்கள் முதலியவற்றில் காணப்படுகிறது. இப்புழுக்களின் முட்டைகள் நீண்ட இழைகளால் தொட்டியின் பொருட்களில் சிக்கிக்கொள்கின்றன.

கரும்புள்ளி நோய்

பாராவோர்ட்டெக்ஸ் இனத்தைச் சேர்ந்த சிறு தட்டைப்புழுக்களால் ஏற்படுவது. மஞ்சள் சர்ஜன் மீனின் வெளிர்ந்த உடலில் மிளகுப் பொடி தூவியது போன்று கரும்புள்ளிகளாகத் தெரியும். பிற நோய்களைப் போன்று விரைந்து கொல்வதில்லை. எனினும் கவனிக்கப்படாவிடின் தோலழற்சியும் பாக்டீரியத் தொற்றும் ஏற்படலாம்.

ஒட்டுண்ணி நோயெனத் தவறாகக் கருதப்படுபவை

* லிம்போசிஸ்டிஸ்: இது ஒரு தீநுண்ம நோய். துடுப்புகளின் ஓரத்தில் பூக்கோசு போன்ற வெண்ணிறக் கட்டிகள் தோன்றும். இவை வெண்புள்ளியைவிடப் பெரியவை. ஒழுங்கற்ற வடிவம் கொண்டவை. வாரக்கணக்கில் அதே இடத்தில் நீடிப்பவை. பெரும்பாலும் மருந்தின்றியே மறைந்துவிடும்.
* மணற்துகள், காற்றுக்குமிழி: சளியில் ஒட்டிய இவை சில நிமிடங்களில் அல்லது மணிகளில் நீங்கிவிடும்.
* தலை, பக்கக்கோடு அரிப்பு: தலையிலும் பக்கக்கோட்டிலும் குழிகள் தோன்றும். இது மேற்கூறிய தோல் ஒட்டுண்ணிகளின் அறிகுறி அன்று.
* இயல்பான நிறமாற்றம்: பல மீன்கள் இரவில் நிறம் மங்கித் திட்டுகளுடன் காணப்படும். விளக்கேற்றிய சிறிது நேரத்தில் இயல்பு நிறம் திரும்பும்.

உறுதிசெய்யும் முறைகள்

நுண்ணோக்கிச் சோதனை

கண்ணால் காணும் அறிகுறிகள் ஐயத்தை மட்டுமே தருகின்றன. நோயை உறுதிசெய்யும் வழி நுண்ணோக்கிச் சோதனை ஆகும். மீனின் தோலிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்த சளியையோ, செவுளின் சிறு நுனியையோ ஒரு துளி கடல்நீருடன் கண்ணாடித் தகட்டில் வைத்து, 40 முதல் 100 மடங்கு உருப்பெருக்கத்தில் உடனே நோக்க வேண்டும். இதைப் பயிற்சி பெற்றவர் செய்வதே நன்று. புதிதாக இறந்த மீனிலும் இச்சோதனையைச் செய்யலாம். ஆனால் இறந்து நேரமாகிவிட்டால் ஒட்டுண்ணிகள் உடலைவிட்டு நீங்கியிருக்கும்.

* வெண்புள்ளி உயிரி: உருண்டையானது, ஒளிபுகாதது, பிசிர்களால் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும்.
* வெல்வெட் உயிரி: பேரிக்காய் அல்லது முட்டை வடிவமானது, கருமை கலந்த நிறமுடையது, அசையாது. இதில் மாவுப்பொருள் இருப்பதால் அயோடின் கரைசல் இட்டால் கருமையாகும்.
* புரூக்ளினெல்லா: சிறுநீரக வடிவமானது; தட்டையானது; சளியினூடே நகர்ந்துகொண்டிருக்கும்.
* யூரோனெமா: சிறியது, நீள்வட்டமானது, மிக விரைவாக நீந்தும்.
* தட்டைப்புழு: பிற்பகுதியில் கொக்கிகளுடன் கூடிய பற்றுறுப்பைக் கொண்டது.

நன்னீர்க் குளியல்

குளோரின் நீக்கப்பட்டு, தொட்டியின் வெப்பநிலைக்கும் காரஅமிலநிலைக்கும் ஒப்பாக்கப்பட்ட நன்னீரில் மீனை ஏறத்தாழ 5 நிமிடங்கள் வைத்துக் கவனிப்பது தட்டைப்புழுக்களை அறியும் எளிய வழி. புழுக்கள் வெண்மையாகி, மீனிலிருந்து சிறு செதில்கள் போல உதிரும். அடர்நிறப் பாத்திரத்தில் இவற்றை எளிதில் காணலாம். மீன் நிலைகுலைந்தால் உடனே கடல்நீருக்கு மாற்ற வேண்டும். வெண்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்கடியில் பாதுகாப்பாக இருப்பதால் இக்குளியல் அந்நோயைக் குணமாக்குவதில்லை.

இனங்காணலும் சிகிச்சையும்

தவறாக இனங்காண்பதால் ஏற்படும் விளைவைச் சிகிச்சை முறைகளின் வேறுபாடு தெளிவாக்குகிறது.

* குறைந்த உப்புத்தன்மை: ஆயிரத்தில் 15 பங்கு அளவுக்கு உப்பைக் குறைத்து 3 முதல் 4 வாரங்கள் வைத்திருப்பது வெண்புள்ளி நோய்க்குக் கையாளப்படுகிறது. எனினும் குறைந்த உப்பைத் தாங்கும் வகைகளும் அறியப்பட்டுள்ளன. வெல்வெட் உயிரி பரந்த அளவிலான உப்புத்தன்மையைத் தாங்குவதால் இம்முறை அந்நோய்க்குப் பயனற்றது.
* செப்பு: வெண்புள்ளி, வெல்வெட் ஆகிய இரண்டின் நீந்தும் நிலைகளையும் கொல்கிறது. வெண்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செப்பு அயனி 3 முதல் 6 வாரங்கள் வரை நிலைநிறுத்தப்படுகிறது. இவ்வளவு குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் மீனுக்கே நஞ்சாகும். ஆகவே அளவை நாள்தோறும் சோதிக்க வேண்டும். சேர்மமாகப் பிணைக்கப்பட்ட செப்பு மருந்துகளுக்கு அளவு வேறுபடும். புரூக்ளினெல்லா, யூரோனெமா ஆகியவற்றுக்குச் செப்பு பயன் தருவதில்லை.
* ஃபார்மலின்: புரூக்ளினெல்லா நோய்க்கு முதன்மையான மருந்து. நீரிலுள்ள ஆக்சிசனைக் குறைப்பதால் வலுவான காற்றூட்டம் தேவை. மனிதருக்கும் கேடு விளைவிப்பதால் கையுறையுடன், காற்றோட்டமான இடத்தில் கையாள வேண்டும்.
* பிராசிகுவாண்டெல்: தட்டைப்புழுக்களுக்குரியது. முட்டைகளை அழிக்காததால், அவை பொரித்தபின் மீண்டும் இட வேண்டும்.

செப்பும் ஃபார்மலினும் பவளம், இறால், நத்தை முதலிய முதுகெலும்பற்ற உயிரினங்களைக் கொல்பவை. எனவே சிகிச்சை எப்போதும் தனித் தொட்டியிலேயே செய்யப்பட வேண்டும். துப்புரவு மீன்களும் துப்புரவு இறால்களும் புறத்தே உள்ள தட்டைப்புழுக்களை ஓரளவு உண்ணக்கூடும்; தோலுக்கடியில் உள்ள வெண்புள்ளி ஒட்டுண்ணியை அகற்றுவதில்லை.

தடுப்பு

புதிதாக வாங்கும் மீன்களைக் குறைந்தது 4 முதல் 6 வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பது சிறந்த தடுப்பு முறையாகும். இத்தொட்டியின் வலை, குழாய், வாளி முதலியவற்றை முதன்மைத் தொட்டியில் பயன்படுத்தக் கூடாது. பவளங்களும் நத்தைகளும் இந்நோய்களால் பீடிக்கப்படுவதில்லை. ஆனால் அவற்றின் ஓடுகளிலும் அவை ஒட்டியுள்ள பாறைகளிலும் ஒட்டுண்ணியின் கூடுகள் வந்து சேரலாம். ஆகவே அவற்றையும் மீன்களற்ற தொட்டியில் சில வாரங்கள் வைத்திருப்பது நன்று.

வெண்புள்ளி நோய் முதன்மைத் தொட்டியில் புகுந்துவிட்டால், எல்லா மீன்களையும், நலமாகத் தோன்றுபவை உட்பட, வெளியேற்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும். கூட்டு நிலை 72 நாட்கள் வரை நீடிக்கக்கூடும் என்பதால், அத்தொட்டி 10 முதல் 11 வாரங்கள் மீனின்றி விடப்படுகிறது. அக்காலத்தில் கூடுகளிலிருந்து வெளிவரும் உயிரிகள் பற்றுவதற்கு மீன் கிடைக்காமல் அழிந்துவிடுகின்றன. ஒரு மீன் மட்டும் தொட்டியில் எஞ்சியிருந்தாலும், அதன் உடலில் புள்ளியே தெரியாவிடினும், ஒட்டுண்ணியின் சுழற்சி அறுபடாமல் தொடரும்.